தூ என்று ஒரு ஸ்டிக்கர்

நல்லூரணியில் அந்த வெள்ளிக்கிழமை பொழுது விடிந்தபோது ஊரில் பாதிப் பேர் நெற்றியில் ஒரே பிள்ளையின் முகம் ஒட்டியிருந்தது, மீதிப் பாதிப் பேரிடம் போன் கிடையாது. பெரிய சாந்துப்பொட்டு அகலத்துக்கு, இரண்டு புருவத்துக்கும் நடுவில், ரெட்டைச் சடை போட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை கண்ணை மூக்குப் பக்கம் செருகி, நாக்கை நீட்டி, நாக்கு நுனியில் ஒரு ரோசா இதழோடு இருந்தாள். கீழே சிவப்பு எழுத்தில் ‘தூ!’ என்று எழுதியிருந்தது. வெறுமனே ஒட்டிக்கொண்டு கிடந்தாலாவது போய்த் தொலை என்று விட்டிருக்கலாம், அது தனக்குத் தோன்றியபோதெல்லாம் வாய்விட்டே ‘தூ!’ என்றது; பேப்பர் படிக்கிறவர் நெற்றியில் இருந்தும் துப்பியது, சாமி கும்பிடுகிறவர் நெற்றியில் இருந்தும் துப்பியது, காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிறவர் நெற்றியில் இருந்து துப்பியதில் கத்தரிக்காய் விலை ஏறிப்போனது.

ஊர் அதற்காக இடிந்துபோய் உட்காரவில்லை. தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், ஒரு கொத்தனார் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தோல் வழண்டதுதான் மிச்சம், சரி வந்தது வந்துவிட்டது, அதற்காக வேலைவெட்டியை விட முடியுமா என்று பத்து மணிக்கெல்லாம் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். சலூனில் ஆம்பிளைகளெல்லாம் முன்முடியை இறக்கிவிடச் சொல்லி வரிசையில் நின்றார்கள். சிலர் திருநீற்றைக் குழைத்துப் பட்டை பட்டையாக அடித்தார்கள், அது திருநீற்றையும் சேர்த்துத் துப்பியது. பொட்டே வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த சபையில் பாஸ்டரம்மா நெற்றியிலேயே ஏறிவிட்டது, பாடகர் குழுவின் குரூப்பில் யாரையோ கிண்டல் பண்ண ஒரே ஒரு தடவை அனுப்பியதாக அந்தம்மா அழுதார். பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளை சொக்கத் தங்கம்” என்று தரகர் ஆரம்பித்ததுமே அவர் நெற்றி “தூ!” என்றது, பெண் வீட்டார் அதற்குமேல் விசாரிக்காமல் பலகாரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் முகத்தைக் காட்டி வருகை பதிகிற கருவி எந்த டீச்சர் முன்னால் வந்து நின்றாலும் அந்தப் பிள்ளையின் முகத்தையே பதிந்துகொண்டது. இத்தனைக்கும் குடியரசு தினம் முடிந்த ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள் அவள் ஒருத்திதான்.

அவள் பெயர் மகராசி. ஒன்பதாம் வகுப்பு. தங்கப்பழம் அண்ணாச்சியின் ஃபேன்சி ஸ்டோரில் வளையலும் பொட்டும் விற்கிற பிரமுவின் ஒரே மகள்.

நடந்தது இவ்வளவுதான். குடியரசு தினத்தன்று கொடிக்கயிற்றை இழுத்ததும் மேலே முடிந்து வைத்திருந்த பூவெல்லாம் கொட்டியது, முன்வரிசையில் நின்று கொடிப்பாட்டை வாய்நிறையப் பாடிக்கொண்டிருந்த மகராசியின் வாய்க்குள் ஒரு இதழ் போய்த் தொண்டையில் ஒட்டப் பார்த்தது, பிள்ளை துப்பினாள். வாய்க்குள் எது போனாலும் யாரும் துப்பத்தான் செய்வார்கள். ஆனால் அதை ஒருத்தி போனில் எடுத்து, வெட்டி, ‘தூ!’ என்று எழுதி வகுப்பு குரூப்பில் போட்டாள், அதுதான் வினையாகப் போனது. ஏனென்றால் அப்படி ஒரு ஸ்டிக்கர் ஊருக்கே தேவையாக இருந்திருக்கிறது, அது வந்த பிறகுதான் தெரிந்தது. கட்சிக்காரர்களுக்கு அது வேண்டியிருந்தது, நாத்தனார்களுக்கு வேண்டியிருந்தது, பங்காளிச் சண்டையில் பேச்சு முற்றி வார்த்தை கிடைக்காமல் திண்டாடியவர்களுக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் போய், பெற்றோரிடமிருந்து சொந்தக்காரர்களுக்குப் போய், வார்டு குரூப், பால் குரூப், சீட்டு குரூப் என்று ஊரைச் சுற்றி வந்தது. பள்ளிக்கூடத்தில் மகராசி நடந்தால் “தூ”, உட்கார்ந்தால் “தூ”, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் நாலாப்பக்கமும் “தூ”. யாரைக் கேட்டாலும், “நான் சும்மா ஃபார்வேர்டு மட்டும்தானே பண்ணினேன்” என்றார்கள்.

பிரமுவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எட்டாவதோடு நின்று தீப்பெட்டி ஒட்டப் போனவள் அவள். மகளாவது படித்து ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்காகவே புருசனைப் புனேக்கு முறுக்குச் சுட அனுப்பிவிட்டு இங்கே ஒண்டியாகக் கிடக்கிறாள். அவள் கண்ணில் பட்டதெல்லாம், மகள் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தது, பீரோக் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடியது, ரெண்டு வாய்ச் சோற்றோடு தட்டைத் தள்ளியது, போனை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துவிட்டு அரைமணிக்கு ஒருதரம் போய்த் தோண்டித் தோண்டிப் பார்த்தது. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தாள். கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “வயித்துல ஒண்ணுமில்ல, பிள்ளைக்கு மனசுல என்னன்னு கேளுங்க” என்றார். கேட்டாள். பதில் வராது, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். ஒரு நாள் மட்டும் வாய் திறந்தது.

“அம்மா, எனக்கு டிசி வாங்கிக் குடுத்துரு. நான் அப்பாகூட புனேக்குப் போயி முறுக்கு பாக்கெட் போடுதேன்.”

பிரமுவுக்கு ஈரக்குலையே அறுந்துபோனது. வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிற பிள்ளை இப்படிச் சொல்கிறது என்றால் அது பிள்ளையின் வாயில்லை, எவனோ எவளோ போட்ட கண்ணு என்று அவளுக்குப் பட்டது. வத்தல், உப்பு, முச்சந்தி மண் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மகளைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்து மூன்று சுற்றுச் சுற்றி, கையை வாய்க்கு நேரே நீட்டினாள்.

“ம், துப்புட்டி. தூ, தூ, தூன்னு மூணு தடவை. எல்லாக் கண்ணும் போயிரும்.”

மகராசி அம்மாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். “நீயும் சொல்லுதியா?” என்று ஒரு கத்துக் கத்திவிட்டு எழுந்து ஓடி உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டவள்தான், சாயந்தரம் வரை திறக்கவில்லை. வத்தலையும் உப்பையும் கையில் வைத்துக்கொண்டு பிரமு நடுவீட்டில் நின்றாள். கண்ணு பொல்லாத கண்ணுதான் போல, துப்பக்கூட விடமாட்டேங்குதே என்று நினைத்தாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் போல இருக்கும். புதுச் சரக்குப் படம் எடுத்து வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பச் சொல்லி அண்ணாச்சி அவளுக்கு ஒரு போன் கொடுத்திருந்தார், அதில் வளையல் வாங்குகிற ஒருத்தி ஒரு ஸ்டிக்கரை அனுப்பியிருந்தாள். ஸ்டிக்கர் என்றால் பிரமுவுக்குத் தெரியாதா என்ன? காலையில் கடை திறந்தால் இரவு மூடுகிற வரைக்கும் அவள் விற்பதே ஸ்டிக்கர்தான். பொட்டு ஸ்டிக்கர், கல்லு ஸ்டிக்கர், வாசலில் ஒட்டுகிற திருஷ்டி ஸ்டிக்கர். இதில் தன் மகள் இருந்தாள். முழியை உருட்டி, நாக்கை நீட்டி, கீழே ‘தூ!’ என்றும் எழுதியிருந்தது. முழி, நாக்கு, தூ, மூன்றும் சேர்ந்தால் அது வேறென்ன? திருஷ்டிப் படம். வீட்டில் துப்ப மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை இதில் எவ்வளவு அம்சமாகத் துப்பியிருக்கிறாள்! எந்தப் புண்ணியவதியோ பிள்ளைக்குப் பட்ட கண்ணைக் கழிக்கப் படமே அடித்துவிட்டாள் என்று பிரமுவுக்குக் கண்ணு கலங்கிவிட்டது. போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடை குரூப், பிறந்த வீட்டுக் குரூப், புனேயில் புருசனோடு முறுக்குச் சுடுகிற ஆட்கள் என்று கைக்கு எட்டியவர்களுக்கெல்லாம் அனுப்பினாள், கூடவே வாய்மொழியாகவும் பதிந்து அனுப்பினாள். “இது எம் மக மகராசி. வீட்டுக்கு, கடைக்கு, வண்டிக்கு எல்லாத்துக்கும் நல்லது. எல்லாருக்கும் அனுப்புங்க.”

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மகள் எழுந்திருக்கும் முன்பே கிளம்பி வந்தவள், கடையில் பொட்டு மாட்டுகிற கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்தாள். பார்த்ததும் சந்தோசமே பட்டாள், ஒட்டாமலே ஒட்டிக்கொண்டதே, என்ன சக்தி என்று. அண்ணாச்சிதான் தன் நெற்றியைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, நெளிந்து நெளிந்து, இது திருஷ்டிப் படமில்லை தாயி, பிள்ளைகள் உம் மகளைக் கேலி பண்ணிப் போட்டது, அவள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் இருப்பதே இதனால்தான் என்று என் மருமகள் சொல்கிறாள் என்று விசயத்தை அவிழ்த்தார்.

“அப்ப நீங்க ஏன் அண்ணாச்சி அனுப்புனீக?”

“நம்ம சரக்கு லாரி ஆபீஸ்காரன் ஏமாத்திட்டான்மா. அவனைத் துப்புறதுக்கு வேற ஸ்டிக்கர் அமையல” என்றார் அண்ணாச்சி. அவர் கைக்குட்டைக்குள் இருந்து மகராசி “தூ!” என்றாள்.

பிரமு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வத்தல் உப்போடு நின்ற அன்றைக்கு மகள் பார்த்த பார்வை அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. ஊர் பூராவும் துப்பி, பெற்றவளும் கையை நீட்டித் துப்பச் சொன்னால் பிள்ளை எங்கே போய் விழும்? போதாக்குறைக்குப் பெயரையும் சொல்லி, தன் குரலிலேயே சொல்லி, புனே வரைக்கும் அனுப்பியிருக்கிறாள், பாவி. மகள் கண்ணில் இந்த நெற்றி பட்டால் அவ்வளவுதான், அதற்கப்புறம் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆண்டவனாலும் ஆகாது. தலையைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மகள் கேட்கவில்லை, இவளாகவே, “தலைவலி, சுக்குப் பத்துப் போட்டிருக்கேன்” என்றாள். துண்டு துப்பும்போதெல்லாம் சேர்ந்து இருமினாள். ரெண்டு நாளில் தொண்டை கட்டிப்போனது.

ஊருக்கு இப்போது ஒரு அவசரம் வந்தது. திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டி திறக்க அமைச்சர் வருகிறார், மாலை போடப் போகிறவர் வார்டு கவுன்சிலர் வைகுண்டமணி, அவர் நெற்றியில் இருக்கிறவளோ பெரிய மனுசன் சின்ன மனுசன் என்று பார்க்கிறவள் இல்லை. முகம் யாருடையதோ அவர்தானே அழிக்க முடியும் என்று யாரோ சொல்ல, ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கவுன்சிலர் முன்னால் வர, தலைமையாசிரியை எமிலி டீச்சர், அண்ணாச்சி, தரகர், பாஸ்டரம்மா என்று ஊரே ஆப்பிளும் பூவும் தட்டில் வைத்து, நிச்சயதார்த்தத்துக்கு வருகிற மாதிரி பிரமு வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

“தங்கச்சி, பிள்ளையக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லு. ஒரு நிமிசம். அழிச்சு விட்டுட்டுப் போயிரட்டும்” என்றார் கவுன்சிலர்.

வாசற்படியில் நின்ற பிரமுவுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. “அழிக்கணுமா? ஒங்க நெத்தி வலிச்சதும் தட்டத் தூக்கிட்டு ஓடியாந்தீகளே, எம் பிள்ளை சோறில்லாம, ஒறக்கமில்லாம நாராக் கிடந்தாளே, அப்ப எங்க போனீக? ஒரு பச்சப் பிள்ளை மூஞ்சிய இப்படிச் சந்தி சிரிக்க வச்சீகளே, நீங்கல்லாம் மனுசங்கதானா? யார்யாரெல்லாம் இத அனுப்புனாகளோ அவுக—”

“தூ!” என்றது அவள் தலைத்துண்டு.

ஊரே அந்தத் துண்டைப் பார்த்தது. பிரமு இருமிப் பார்த்தாள், தொண்டை கட்டியிருந்ததால் இருமல் வரவில்லை. பின்னால் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.

மகராசி வெளியே வந்தாள். நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டா, பல நாள் சீப்புப் படாத தலை, முகம் வற்றிப்போய் முழி மட்டும் தெரிந்தது. ஊர்க்காரர்கள் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

“துண்ட அவுரும்மா.”

“தலைவலிட்டி.”

“அவுருன்னு சொல்லுதேம்லா.”

அவளே அவிழ்த்தாள். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடியை மூடிவைத்த பிள்ளை இப்போது அம்மாவின் நெற்றியில் அதைப் பார்த்தாள். பிரமுவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“நீயுமாம்மா?”

“நானுந்தான்டி” என்றாள் பிரமு. அழுகையை அடக்க அவள் முயற்சியே பண்ணவில்லை. “கடை குரூப்பு, மாமா வீடு, சித்தி வீடு, ஒங்க அப்பா கம்பெனி, எல்லாத்துக்கும் அனுப்புனேன். எம் மகன்னு பேரச் சொல்லி அனுப்புனேன். நான் திருஷ்டிப் படம்னு நெனச்சேன்டி. எம் மக மூஞ்சி வாசல்ல இருந்தா எந்தக் கண்ணும் அண்டாதுன்னு நெனச்சேன்.”

மகராசி அந்த நெற்றியை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“திருஷ்டிப் படமா? லாரிக்குப் பின்னால ஒட்டுவாகளே, கொம்பு வச்ச பூதம், அதா?”

“ஆமாட்டி.”

“நான் பூதம் மாதிரியா இருக்கேன்?”

“பூதம் கோரமால்லா இருக்கும். நீ அழகா இருந்த. பூவ வேற வச்சிருந்த” என்றாள் பிரமு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நீ பொறந்து சேனை தொட்டு வச்சப்பவும் இதே மூஞ்சிதான்டி. கருப்பட்டித் தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வச்சதும் முழிய உருட்டி, நாக்க நீட்டி, ஒங்க அத்தை மூஞ்சியிலயே துப்புன. அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்புல தையல் பிரிஞ்சுரும்னு நர்சம்மா வஞ்சாக. அந்த மூஞ்சியப் பார்த்தா எனக்கு எப்படித் தப்பாத் தோணும், சொல்லு.”

மகராசிக்கு முதலில் உதடு ஓரம்தான் இழுத்தது. அப்புறம் மூக்கு விடைத்தது. அப்புறம் அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் கலந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். “பூதம்னு… புனேக்கு… பூதம்னு அனுப்பியிருக்கு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிரமுவும் உட்கார்ந்தாள். மகள் அவள் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சுண்டுவிரல் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை ஒரு நெண்டு நெண்டினாள். வழக்கமான பொட்டு மாதிரி அது பொசுக்கென்று உரிந்து வந்தது.

மண்ணெண்ணெய்க்கு வராதது, உப்புத்தாளுக்கு வராதது! கூட்டம் முண்டியடித்துக்கொண்டு நெற்றியை நீட்டியது. எனக்கு எடு தாயி, எனக்கு முதல்ல, நான் ஒரே தடவைதான் அனுப்பினேன், நான் அனுப்பவே இல்லை, கை பட்டுத் தானாப் போச்சு என்று ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். கவுன்சிலர் முழங்கையால் இடித்து முன்னால் வந்துவிட்டார்.

மகராசி எழுந்து நின்றாள். “எடுக்கேன். எம் பேரு என்ன?”

“என்ன பாப்பா இது, நம்ம வார்டுப் பிள்ளை பேரு தெரியாமலா?” என்று சிரித்த கவுன்சிலர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் அதற்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “மகேஸ்வரி!”

“தூ!” என்றது நெற்றி.

“மாரீஸ்வரி.”

“தூ!”

கூட்டம் எமிலி டீச்சரைப் பார்த்தது. டீச்சர் நிமிர்ந்து, “எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு, முன் பெஞ்சு, நம்ம தூ…” என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர்கள் அறையிலும் அந்தப் பெயர்தான் ஓடியிருக்கிறது. அந்த முகத்தை ஊர் முழுக்க, ஊர் தாண்டியும் அனுப்பியவர்கள் அத்தனை பேர் நின்றார்கள், ஒருத்தர் வாயிலும் பேர் வரவில்லை; பிரமு பேர் சொல்லி அனுப்பியதை யாரும் காதில் வாங்கியிருக்கவில்லை, தெரிந்த அண்ணாச்சியோ தலையைக் குனிந்துகொண்டார்.

“மகராசி.”

கூட்டத்தின் கடைசியில் இருந்து சன்னமாகக் கேட்டது. முன்முடியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றவள் பெனிட்டா. மகராசி பக்கத்து இடத்தில் உட்காருகிறவள், வெட்டி ஒட்டி ஸ்டிக்கர் போட்டவளும் அவள்தான். “போன வருசம் பூரா என்னையத்தான் பல்லி, பல்லின்னு படம் போட்டாங்க. நீ மட்டுந்தான் சிரிக்க மாட்ட. நான் ஒன் படத்தப் போட்ட அன்னைக்கு யாருமே என்னையப் பல்லின்னு கூப்பிடல மகராசி. அதான். அப்புறம் நிறுத்த முடியல” என்று தேம்பினாள். சொல்லிவிட்டு முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினாள்.

கோபம் மகராசியின் கழுத்து நரம்பில் தெரிந்தது. “ஒனக்கு இப்ப இல்ல” என்றாள். “கொஞ்ச நாளு வச்சுக்க. பெறகு பாப்போம்.” பெனிட்டா தலையை ஆட்டினாள். நியாயம்தான் என்று பிரமுவுக்கும் பட்டது.

கடைசியில் கவுன்சிலர் வைகுண்டமணி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, ஒரு மனுசன் இன்னொரு மனுசியிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார். “ஒம் பேரு என்னம்மா?”

“பி. மகராசி. ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு” என்றாள் அவள். குடியரசு தினத்தில் பாதியில் நின்ற குரல் தெருமுனை வரைக்கும் போனது.

நெண்டினாள், உரிந்தது. அடுத்தவர் வந்தார், பேரைக் கேட்டார், சொன்னாள், உரித்தாள். அண்ணாச்சி தெரிந்த பேரைத் தெரியாதவர் மாதிரி மரியாதையாகக் கேட்டார். பாஸ்டரம்மா கேட்டுவிட்டு ஒரு முத்தமும் கொடுத்தார். பேர் கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, தெருவிளக்கு எரிந்து கொசு கடிக்கிற நேரமாகியும் வரிசை பஜாரைத் தாண்டி நின்றது. போன் இல்லாதவர்கள்கூட சும்மா பேர் கேட்டுவிட்டுப் போகலாம் என்று சேர்ந்துகொண்டார்கள். பிரமு ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். மகள் நின்றபடியே வாயைத் திறந்து திறந்து வாங்கி, தட்டை வழித்து முடித்து, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்துச் சொன்னாள்:

“மிச்சப் பேரு நாளைக்குச் சாயந்தரம் வாங்க. காலையில எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு.”